ஏழாம் எண்ணின் குறிப்புகள்

என் குறிப்பைக் கத்தரிக்கோலால் வெட்டியெடுத்த பிறகுதான் அந்தத் தாள் அடுத்தவர் கைக்குப் போக வேண்டும் என்று ஒரு பெரிய மனிதர் சொன்னார். நான் எழுதியிருந்தது நான்கே வரி. நான்கும் அவர் எடுத்த புகைப்படத்தைப் பற்றியவை. இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அந்த நான்கு வரியில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்போது இலங்கை மலைநாட்டு ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து பதுளைக்குத் தபாலும் ஆட்களும் குதிரை வண்டியிலோ மாட்டு வண்டியிலோதான் வர வேண்டும். நான் பதுளையில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்புகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் அப்பா திருச்சிப் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராக வந்தவர். அண்ணன் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுக்கும் டிஸ்பென்சர். மருந்து நிறுத்துப் பழகிய கை என்பதால் படம் கழுவும் சரக்குகள் அவனுக்குச் சுலபமாக வசப்பட்டன. பழைய கமெரா ஒன்றை வாங்கி, கண்ணாடித் தகடுகளில் படம் பிடிக்க ஆரம்பித்தான். விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் நானும் அவனும் சேர்ந்தே படம் எடுத்தோம். அவன் அவசரக்காரன். ஒரு தகட்டைக் கெடுத்துவிட்டு அடுத்ததற்கு ஓடுவான். நான் கெட்ட தகட்டை எடுத்து வைத்துக்கொண்டு அது எதனால் கெட்டது என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

பதுளைக் கடைவீதியில் ஒரு முஸ்லிம் வியாபாரி கடிகாரமும் மூக்குக்கண்ணாடியும் விளக்கும் விற்றுவந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் நானா. கமெராத் தகடும் அச்செடுக்கும் தாளும் அவரிடம்தான் கிடைக்கும். அவருக்கே படம் பிடிக்கும் பைத்தியம் உண்டு. தன்னிடம் தகடு வாங்குகிறவர்கள் பசறை, தெமோதரை, கொஸ்லந்த என்று மூலைக்கு ஒருவராக இருக்கிறார்கள், ஒருவர் படத்தை மற்றவர் பார்க்க வழியில்லை என்று யோசித்து அவர் ஒரு ஏற்பாடு செய்தார். தேயிலை மாதிரி அனுப்பும் தகரப் பெட்டி ஒன்றை எடுத்து, எட்டுப் பேருக்குச் சுற்றுக்கு விட்டார். ஒவ்வொருவரும் ஒரு படத்தை வெள்ளைத் தாளில் மடித்து அதில் வைக்க வேண்டும். பெட்டி வந்ததும் மற்றவர்களுடைய படங்களைப் பார்த்து, அந்தந்தத் தாளிலேயே அபிப்பிராயம் எழுதி, அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். யாருக்கும் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். நானா முதலாம் எண். தோட்டத்துக் கணக்கு எழுதும் பெரிய கிளாக்கர் எடுத்த படம் என்று தெரிந்தால் சின்னக் கிளாக்கர் வாயைத் திறப்பானா என்று அவர் அண்ணனிடம் கேட்டாராம். அதற்காகத்தான் அந்த எண்கள்.

அண்ணன் ஏழாம் எண். அவனுடைய கையெழுத்து அவனுக்கே புரியாது. அதனால் பெட்டியை என்னிடம் கொண்டுவருவான், குறிப்புகளை முதலிலிருந்தே நான்தான் எழுதினேன். முதல் சுற்றில் அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். மூன்றாவது சுற்றில் அவன் சொல்வதை நிறுத்திவிட்டான், நான் எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போய்விட்டான். கமெராவை எனக்கு விட்டுவிட்டுப் போனான். நான் கடைக்குப் போய், இனி ஏழாம் எண் நான்தான் என்று நானாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் கடிகாரம் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, பெட்டி இனிமேல் பள்ளிக்கூடத்துக்கே வரட்டும் என்று சொல்லிவிட்டார்.

மற்றவர்கள் எழுதியதையெல்லாம் படித்துப் பார்த்தால் சலிப்பாக இருக்கும். 'நன்று' என்று ஒருவர், 'மிக நன்று' என்று இன்னொருவர், 'அழகு' என்று மூன்றாமவர். மூன்று வாரம் மழையிலும் சேற்றிலும் சுமந்து வந்த பெட்டிக்குள் இதைத்தானா வைத்து அனுப்புவது என்று எனக்குக் கோபம் வரும். ஒரு படத்தை நன்று என்று சொல்லிக் கடந்து போவதைவிட அதை எடுத்தவரை அவமதிக்க வேறு வழி இல்லை என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் அப்படித்தான். நான் ஒவ்வொரு படத்தையும் ஒரு நாள் முழுக்க வகுப்பறை ஜன்னலோரம் சாய்த்து வைப்பேன். பிள்ளைகள் எழுத்து எழுதும் நேரத்தில் அதைப் போய்ப் பார்ப்பேன். தலைகீழாகத் திருப்பி வைத்தும் பார்ப்பேன். தலைகீழாக இருக்கும்போது அது மலை, இது ஆள் என்று மனம் பெயர் வைக்காது. எங்கே வெளிச்சம், எங்கே பாரம் என்பது மட்டும் தெரியும். முதலில் என் கண் எங்கே போயிற்று என்பதை எழுதுவேன். எடுத்தவர் அதைத்தான் காட்ட நினைத்தாரா என்று கேட்பேன். அடுத்த தடவை என்ன செய்து பார்க்கலாம் என்பதைச் சொல்லாமல் எந்தத் தாளையும் நான் மூடியதில்லை.

யார் எந்த எண் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நாலாம் எண் தெமோதரைப் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் தொழிற்சாலையில் தேயிலை பதம்பார்க்கும் டீமேக்கர். கொழுந்தை வாட்டப் பரப்பியிருக்கும் மேல்மாடியை எடுத்து அனுப்பியிருந்தார். ஜன்னல்களெல்லாம் வெள்ளைக் காகிதம் ஒட்டியதுபோல வெளுத்துப்போய், உள்ளே ஒன்றும் தெரியவில்லை. வெயில் ஏறுவதற்கு முன் பனிமூட்டம் ஜன்னலுக்கு வெளியே நிற்கும்போது எடுத்துப் பாருங்கள், மூட்டமே ஜன்னலுக்குத் திரை போட்டுவிடும் என்று எழுதினேன். அடுத்த சுற்றில் அதே மாடி, தட்டுத் தட்டாக, கொழுந்தின் சுருக்கம்வரை தெரிய வந்தது. 'ஏழாம் எண் அண்ணனுக்கு என் நன்றி' என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அண்ணன் என்பதைப் படித்து நான் சிரித்தேன். திருத்தவில்லை.

ஐந்தாம் எண்ணோடுதான் சண்டை. அவர் கொஸ்லந்தத் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர், யாழ்ப்பாணத்துக்காரர். தியலும நீர்வீழ்ச்சியை முழுவதுமாக ஒரு தகட்டுக்குள் பிடித்து அனுப்பினார். அது கறுப்புத் துணியில் தொங்கும் வெள்ளை நூல் மாதிரி இருந்தது. இவ்வளவு உயரமான அருவியில் உயரமே தெரியவில்லை, பக்கத்தில் அளவு காட்ட ஒரு மரமோ மாடோ இல்லை, எல்லோரும் நிற்கிற இடத்திலேயே நீங்களும் நின்றிருக்கிறீர்கள் என்று எழுதினேன். அட்டை கடிக்கிற புல்லுக்குள் ஏழாம் எண்ணே வந்து நின்று எடுத்துக் காட்டட்டும் என்று அவர் பதில் எழுதினார். ஆனால் அடுத்த சுற்றிலும் அருவிதான் வந்தது. அதற்கடுத்த சுற்றிலும். நானும் விடவில்லை.

பிறகு அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். என் படங்களைப் பார்த்துவிட்டு இப்படி எழுதினார்: 'ஏழாம் எண்ணின் படங்களெல்லாம் கதவுக்கு உள்ளேயிருந்து எடுத்தவை. ஜன்னல், முற்றம், வேலிக்கு மேலால் தெரியும் தெரு. இந்த மனிதர் வெளியே இறங்கப் பயப்படுகிறார்.'

அவர் சொன்னது உண்மை. பள்ளிக்கூடத்து வளவைத் தாண்டி ஒருநாளும் நான் கமெராவை எடுத்துப் போனதில்லை. ஒரு பெண் தெருவில் மூன்று கால் தாங்கியை விரித்து, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பதை அந்த ஊர் பார்த்ததும் இல்லை. காரணத்தை எழுதி அனுப்பிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். காரணத்தைப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்ட முடியாது. மற்றவர்களிடம் அட்டைக்குப் பயப்படாதே என்று எழுதிவிட்டு, நான் ஊர்க் கண்ணுக்குப் பயந்து உள்ளே இருப்பது எந்த நியாயம்?

ஆடி மாதத்துக் காற்று எங்கள் பக்கத்தில் நிற்காமல் வீசும். அப்படியான ஒரு சந்தை நாளில், பள்ளிக்கூடத்துச் சமையல்கார அக்காவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கமெராவோடு பதுளைத் தெருவில் இறங்கினேன். வண்டிகள் அவிழ்த்துப் போடும் இடத்தில் தாங்கியை விரித்தேன். காற்றில் அது ஆடாமலிருக்க அக்கா ஒரு கல்லைக் கயிற்றில் கட்டி நடுவில் தொங்கவிட்டாள். கூட்டம் கூடிவிட்டது. படம் பிடிக்கிற ஐயா எங்கே என்று ஒருவர் கேட்டார். ஐயா யாரும் இல்லை, நான்தான் என்றேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர் அக்காவிடம் நான் யார் வீட்டுப் பெண் என்று விசாரித்தார். அக்கா அவரை வெளிச்சத்தை மறைக்காமல் தள்ளி நிற்கச் சொன்னாள். கறுப்புத் துணிக்குள் போனதும் சத்தமெல்லாம் தூரமாகிவிட்டது. பசறைப் பாதையில் ஏறி வந்த வண்டிக்காரர் ஒருவர் நுகத்தடியை இறக்கிவிட்டு, மாட்டின் கழுத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். மாடு கண்ணை மூடிக்கொண்டு நின்றது. இரண்டு தகடு எடுத்தேன். ஒன்று காற்றில் ஆடிக் கெட்டது. மற்றது நன்றாக வந்தது.

பெட்டி சுற்றி வந்தபோது அந்தப் படத்துக்கு நீளமாக எழுதியிருந்தவர் இரண்டாம் எண். அவர் பசறைப் பக்கத்துப் பெரிய தோட்டம் ஒன்றின் பெரிய கிளாக்கர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். கூட்டத்தைக் கண்டு ஒதுங்காத மனிதர் எடுத்த படம் இது, தெருவில் எப்படி நிற்பது என்பதை மற்றவர்கள் ஏழாம் எண்ணிடம் கற்றுக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார்.

அதே பெட்டியில் அவருடைய படமும் இருந்தது. காலையில் ஆள் எண்ணுவதற்காகத் தோட்டத்தில் எல்லோரையும் வரிசையாக நிறுத்துவார்களே, அந்தப் பெரட்டின் படம். இருநூறு பேர் இருக்கும். முன்னால் கங்காணி குடையோடு நிற்கிறார். எனக்கு முன் பார்த்த ஐந்து பேரும் 'மிக நன்று' என்று எழுதியிருந்தார்கள். நான் எழுதிய நான்கு வரி இவை: 'பார்த்ததும் தெரிவது கங்காணியின் குடை. நிழல் காலடியிலேயே சுருண்டிருப்பதால் இது நடுப்பகல்; பெரட்டு அல்ல, வேலையிலிருந்து கூப்பிட்டு நிறுத்தியது. தலையில் போட்ட கம்பளிக்குக் கீழே முகங்கள் கறுத்துவிட்டன; காலைச் சாய்வு வெயிலில் எடுத்தால் கண் தெரியும். பத்தடி முன்னால் வாருங்கள்; இரண்டாம் வரிசையில் தலையைத் திருப்பிய பெண் ஒருத்திதான் இதில் உயிரோடிருக்கிறாள், அவளிடமிருந்து தொடங்குங்கள்.'

அந்த வருடக் கடைசியில் நானா ஒரு புது யோசனை சொன்னார். எட்டுப் பேரும் ஒருநாள் பதுளையில் கூடட்டும், கடையின் மேல்மாடியில் படங்களைத் தொங்கவிட்டுப் பார்க்கலாம் என்று எல்லோருக்கும் எழுதினார். நான் போய், வருகிறேன் என்றேன்.

"நீங்க வர்றது ஒங்க இஷ்டம் டீச்சரம்மா. நான் தடுக்க மாட்டேன். ஆனா அங்க ஒங்களுக்காக நான் பேசுவேன்னு மட்டும் நெனச்சிக்கிட்டு வராதீங்க. எல்லாரும் எங்கிட்ட வாங்குற ஆளுங்க" என்றார்.

மறைக்காமல் சொன்னாரே என்று எனக்கு அவர்மேல் மதிப்புத்தான் கூடியது.

பிற்பகல் மூன்று மணிக்குப் போனேன். மாடியில் கயிறு கட்டி, படங்களை வரிசையாகத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே அதனதன் தாளை வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் யாரோ ஒருவருடைய வீட்டுப் பெண் என்று நினைத்து ஜன்னலோரம் ஒரு நாற்காலியைப் போட்டுக் கொடுத்தார்கள். பிறகு நானா ஒவ்வொருவரையும் அவரவர் எண்ணைச் சொல்லச் சொன்னார். இரண்டு என்று சொன்னவர் தலைப்பாகையும் கோட்டும் போட்ட, ஐம்பது வயது தாண்டிய மனிதர். நான்கு என்றவர் இளைஞர், சட்டைக் கையில் தேயிலைச் சாயம். ஐந்து என்றவர் ஒல்லியாக, நெற்றியில் திருநீறோடு இருந்தார். ஆறுக்குப் பிறகு ஒரு இடைவெளி விழுந்தது. நான் எழுந்து, ஏழு என்றேன்.

பெரிய கிளாக்கர்தான் முதலில் வாயைத் திறந்தார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஒங்க வீட்டுக்காரர் வரலீங்களா?"

"எனக்குக் கல்யாணம் ஆகலைங்க. ஏழாம் நம்பர் நான்தான்."

அவர் திரும்பி, கயிற்றில் தொங்கிய வண்டிமாட்டுப் படத்தைப் பார்த்தார். அதை எடுத்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். பெரட்டுப் படத்துக்கு எழுதியது யார் என்று கேட்டார். அதுவும் நான்தான் என்றேன்.

அவர் உட்கார்ந்துகொண்டு பொதுவாகப் பேசினார். இந்த அம்மா படம் எடுப்பதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை, பூச்செடி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்று எடுத்து அனுப்பட்டும், நாம் எல்லோரும் பார்த்து எழுதுவோம் என்றார். ஆனால் ஆண்கள் எடுத்த படங்களுக்கு, அதுவும் தோட்டத்துக் காரியங்களுக்கு, ஒரு பெண்பிள்ளை தீர்ப்பு எழுதுவது முறையல்ல. இந்தத் தாள்கள் நம் வீடுகளுக்குள் வருகின்றன, நமக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் பார்க்கிறார்கள். அதனால் இதுவரை எழுதியதை வெட்டிவிட்டு, இனிமேல் எழுதாமலிருந்தால் போதும் என்றார். மேசைமேல் படம் ஒட்டுவதற்காக நானா வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்து, தன் பக்கமாக வைத்துக்கொண்டார்.

நான் உட்காரவில்லை.

"ஐயா, அந்த நாலு வரியில எது பொய்யின்னு காட்டுங்க. அந்த வரிய நானே வெட்டுறேன்."

"பொய்யா மெய்யாங்கிறது இல்லம்மா. யார் சொல்றாங்கன்னு ஒண்ணு இருக்கில்ல."

"அத மறைக்கத்தாங்க நானா நம்பர் வச்சாரு."

நான் போய்ப் பெரட்டுப் படத்தைக் கயிற்றிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தேன். நான்கு வரியையும் உரக்கப் படித்தேன். ஒவ்வொரு வரிக்கும் படத்தில் விரலை வைத்துக் காட்டினேன். இதோ குடை. இதோ நிழல். இதோ கறுத்த முகங்கள். இதோ, தலையைத் திருப்பிய பெண். இது கெட்ட படம் இல்லை, இவ்வளவு பேரை அசையாமல் நிறுத்தி, ஓரம்வரை தெளிவாக எடுக்க எங்களில் வேறு யாராலும் முடியாது, பத்தடி முன்னால் வந்திருந்தால் இங்கே தொங்குகிற எல்லாவற்றையும்விட இது நல்ல படமாக இருந்திருக்கும் என்றும் சொன்னேன். அதுவும் உண்மைதான். அவரைச் சமாதானப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை.

டீமேக்கரைப் பார்த்தேன். பனிமூட்டத்துக்கு நன்றி எழுதியவர். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேசியவர் ஐந்தாம் எண். அவரிடமிருந்து நான் எதையும் எதிர்பார்க்கவில்லை.

"நான் ஒண்டு சொல்லவேணும்" என்று எழுந்தார். "இவ எழுதினதைப் பாத்து எனக்குக் கோவம் வந்ததுதான். நாலு தரம் திரும்பப் போய் எடுத்தன். நாலாவதுதான் சரி வந்தது. இவ எழுதாட்டி நான் முதலாவதோடயே நிண்டிருப்பன்."

அவருடைய நாலாவது அருவி கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. பாதி அருவிதான். கீழே ஒரு பாறையில் துணி துவைக்கும் பெண் எறும்பளவில் தெரிந்தாள். அதைப் பார்த்தால் கழுத்தை நிமிர்த்தத் தோன்றும்.

பெரிய கிளாக்கர் கையைத் தூக்கச் சொன்னார். எனக்குத் தூக்கும் உரிமை இல்லை என்றார்கள். நானா தூக்கவில்லை. எனக்காக ஐந்தாம் எண் மட்டும் தூக்கினார். வெட்ட வேண்டும் என்று ஐந்து கைகள் எழுந்தன. ஐந்தில் ஒன்று டீமேக்கருடையது.

தாள் ஐயாவுடையது, வெட்டிக்கொள்ளட்டும், எழுதினது எனக்கு மனப்பாடம் என்று சொல்லி அதை அவரிடம் நீட்டினேன். அவர் நேராக, கவனமாக வெட்டினார். நான் எழுந்து போய்விடுவேன் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அழுவேன் என்றும் சிலர் எதிர்பார்த்திருக்கலாம். நான் போகவில்லை. நானாவின் வீட்டிலிருந்து தேநீரும் தொதல் இனிப்பும் வந்தன. வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு கயிற்றோரமாக நடந்து, ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, நிதானமாகப் பார்த்தேன். எல்லாப் படங்களையும் பார்த்து முடித்த பிறகுதான் படியிறங்கினேன்.

அதன் பிறகு பெட்டி எனக்கு வரவில்லை. ஆனால் நானா அந்தப் படங்களைக் கடையின் கண்ணாடி அலமாரியில் தெருவைப் பார்த்து வைத்திருந்தார். தெருவில் நின்று பார்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் தினம் போய் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வருவேன். தபால் அட்டை வாங்கி, பார்த்ததை எழுதி, எண்ணைப் போட்டு, கடை விலாசத்துக்கே அனுப்பினேன். ஆறாம் எண்ணுக்கு, கோயில் கோபுரம் சரிந்து விழுவதுபோல இருப்பது கமெராவை மேல்நோக்கிச் சாய்த்ததால், எதிர்ப்புறத்து மேட்டில் ஏறி எடுத்துப் பாருங்கள் என்று. மூன்றாம் எண்ணுக்கு, மணமக்களைவிடப் பின்னால் உள்ள வாழைமரம் தெளிவாக இருக்கிறது என்று. உறை போட்ட கடிதம் எழுதவில்லை. ஒளித்து எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

நானா பள்ளிக்கூடத்து வாசல்வரை வந்து, இந்த அட்டைகளை என்ன செய்வது என்று கேட்டார். அவரவருக்குக் கொடுக்க வேண்டியதுதான் என்றேன்.

"அவங்க என்னைத் திட்டுவாங்களே."

"தபால் வந்துச்சி, குடுத்தேன்னு சொல்லுங்க நானா. நீங்களா எழுதினீங்க?"

அவர் சிரித்துவிட்டுப் போனார். கொடுத்திருக்கிறார். ஏனென்றால் பத்து நாளில் எங்கள் தலைமை ஆசிரியைக்கு நல்ல இங்கிலீஷில் ஒரு புகார்க் கடிதம் வந்தது. உங்கள் ஆசிரியை ஒருத்தி முன்பின் அறியாத ஆண்களுக்கு அட்டை எழுதுகிறாள் என்று அதில் இருந்தது. எழுதியவர் பெரிய கிளாக்கர்.

தலைமை ஆசிரியை வெள்ளைக்கார அம்மா. என்னைக் கூப்பிட்டு, அப்படி என்ன எழுதினாய் என்று கேட்டார். நான் கோபுரத்தையும் வாழைமரத்தையும் மொழிபெயர்த்துச் சொன்னேன். அந்த அம்மா ஓய்வு நேரத்தில் வர்ணப் படம் வரைகிறவர். வாழைமரம் என்றதும் அவர் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டதைப் பார்த்தேன். இதில் தவறு ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் பள்ளிக்கூடம் இந்தப் பெரிய மனிதர்களின் தயவில் நடக்கிறது, நிறுத்திவிடு என்றார். பள்ளிக்கூட நேரத்தில் நான் எழுதுவதில்லை, இப்படி எழுதக்கூடாது என்று விதி இருந்தால் காட்டுங்கள், இல்லாவிட்டால் எழுதத்தான் போகிறேன் என்று சொன்னேன். வேலை போய்விடும் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். வேலை போகவில்லை. நான் படம் கழுவப் பயன்படுத்திய சாமான் அறையின் சாவியை அந்தப் பள்ளித் தவணை முடியும்வரை வாங்கி வைத்துக்கொண்டார்.

சமையல்கார அக்கா தன் விறகு அறையை எனக்கு ஒழித்துக் கொடுத்தாள். பலகைச் சந்துகளின் வழியே வெளிச்சம் கத்தி கத்தியாக உள்ளே விழுந்தது. தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாள் ஊரெல்லாம் கிடைக்கும். அதைக் கொண்டு சந்துகளை நாங்கள் இரண்டு பேருமாக அடைத்தோம். நடுப்பகலிலும் அங்கே கும்மிருட்டு. சாமான் அறையைவிட அது நல்ல இருட்டறையாக அமைந்தது.

டீமேக்கர் ஒரு சனிக்கிழமை தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கையில் ஒரு படம். இதைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார். அன்றைக்கு ஏன் கையைத் தூக்கினீர்கள் என்று கேட்டேன். பெரிய கிளாக்கர் தன் தோட்டத்தில் இதைவிட நல்ல வேலை பார்த்துத் தருவதாகச் சொல்லியிருந்தாராம். அது உங்கள் பாடு என்று சொல்லிவிட்டுப் படத்தை வாங்கினேன். இடது மூலை இருட்டாக இருந்தது. அதைச் சொன்னேன். லென்ஸைச் சுற்றியுள்ள மூடி கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கலாம் என்றும் சொன்னேன். அவர்மேல் எனக்கு இருந்த கோபம் அந்த மூலைக்கு என்ன செய்யும்? ஆனால் மன்னித்துவிட்டதாக நான் சொல்லவில்லை. அவர் போகும்போது வாசல்வரை எழுந்து போகவும் இல்லை.

ஐந்தாம் எண் கூட்டம் முடிந்த மறுவாரமே சுற்றிலிருந்து விலகிவிட்டார். எனக்குத் தனியாகப் படம் அனுப்புவார், நானும் அவருக்கு அனுப்புவேன். அவர் என்னிடம் ஒருநாளும் இரக்கம் காட்டவில்லை. அதற்கு நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆள் குறைந்ததும் சுற்று தளர்ந்தது. இரண்டு முறை நானா மூலம் எனக்குச் சொல்லியனுப்பினார்கள். திரும்ப வரலாம், பாராட்டு மட்டும் எழுத வேண்டும் என்பது முதல் தடவை. குறையை எழுதலாம், ஆனால் முதலில் நானாவிடம் காட்டி அவர் சரி என்ற பிறகு தாளில் ஏற்ற வேண்டும் என்பது இரண்டாம் தடவை. இரண்டுக்கும் மாட்டேன் என்றேன். பெட்டிக்குள் என் எண் இருந்தால் அதோடு என் கண்ணும் இருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டும் வேண்டாம்.

அடுத்த மழைக்காலம் முடிந்த பிறகு, பசறைத் தபால் முத்திரையோடு பள்ளிக்கூட விலாசத்துக்கு ஒரு உறை வந்தது. உள்ளே ஒரு படமும், எழுதாத வெள்ளைத் தாள் ஒன்றும் இருந்தன. கடிதம் இல்லை. கொழுந்து பறிக்கப் போகும் இரண்டு பெண்கள். ஒருத்திக்கு வயதாகிவிட்டது. இளையவள் அவளுடைய தலையில் கூடைக் கயிறு அழுத்தும் இடத்தில் கம்பளியை மடித்துச் சரிசெய்துவிடுகிறாள். எடுத்தவர் அவர்களிடமிருந்து பத்தடிக்குள்தான் நின்றிருக்க வேண்டும். காலை வெயில் பக்கவாட்டில் விழுந்து கண்கள் தெரிந்தன. யார் அனுப்பியது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதை இரண்டு நாள் ஜன்னலோரம் வைத்தேன். நேராகவும் தலைகீழாகவும் பார்த்தேன். பிறகு எழுதினேன். முதலில் என் கண் போனது இளையவளின் விரல்களுக்கு, நீங்கள் காட்ட நினைத்ததும் அதுதான் என்று நம்புகிறேன், இந்தச் சுற்றில் இருந்த எவரும், நான் உட்பட, இதைவிட நல்ல படம் எடுத்ததில்லை என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த மனிதர் எவ்வளவு கஷ்டப்பட்டு அந்த உறையை ஒட்டியிருப்பார் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் படத்தில் ஒன்று இருந்தது. இருந்ததால் எழுதினேன்: 'மூத்தவளின் கழுத்தில் சுருக்கம் இருக்கிறது, நெற்றியில் இல்லை. சுருக்கத்தை மறைக்கத் தகட்டின்மேல் பென்சிலால் தேய்த்திருக்கிறீர்கள். தேய்க்காமல் இன்னொரு அச்சு எடுத்துப் பாருங்கள். அந்த நெற்றியைச் சரிசெய்ய அவள் உங்களிடம் கேட்கவில்லை.' கீழே எண் போடவில்லை. என் பெயரை முழுதாக எழுதினேன்.

பதில் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து நானாவின் கண்ணாடி அலமாரியில் அந்தப் படத்தைப் பெரிதாக, சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். போவோர் வருவோர் நின்று பார்த்தார்கள். நானும் நின்று பார்த்தேன். நெற்றி பளிங்கு மாதிரி இருந்தது. பென்சில் தேய்ப்பை அவர் அழிக்கவேயில்லை.

தெருவைக் கடந்து தபால் கந்தோருக்குப் போய், ஒரு அட்டை வாங்கி, அங்கேயே மேசையில் நின்றபடி இன்னொரு முறை எழுதிப் போட்டேன்.